அடுத்த ஊரில் நிற்கும் எங்கள் குதிரை

ராசிபுரம் சந்தையில் நின்றுகொண்டு "ஏனுங்க, புதுப்பாளையத்துக்காரரே" என்று யாராவது கூப்பிட்டால் அந்தக் காலத்தில் பத்துத் தலையாவது திரும்பும். பத்தும் ஒரே ஊர்த் தலையாக இருக்காது. நான் வாக்கப்பட்டு வந்தது ஒரு புதுப்பாளையம். அங்கிருந்து இரண்டு மைலில் இன்னொரு புதுப்பாளையம். வெளியூர்க்காரர்கள் அடையாளத்துக்காக எங்களைக் கள்ளிப் புதுப்பாளையம் என்பார்கள், ஊரைச் சுற்றிக் கள்ளி வேலி இருந்ததால். அவர்கள் ஊர் முகப்பில் ஒரு குட்டை இருந்தது. அதனால் அது குட்டைப் புதுப்பாளையம். இந்தப் பேர்களை இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு புதுப்பாளையம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

எங்கள் ஊர் வரலாறு இது: ஏதோ ஒரு பஞ்சத்தில் தறிச் சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு வந்த ஏழு குடும்பங்கள் முதலில் இறங்கியது எங்கள் ஊரில்தான். பிறகு அண்ணன் தம்பி சண்டையில் தம்பி கோபித்துக்கொண்டு போய் ஒரு ஊர் போட்டான். போகிறபோது ஊர்ப் பேரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குட்டைக்காரர்களைக் கேட்டால் அவர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். கோபித்துக்கொண்டு போன தம்பி மட்டும் எங்கள் ஆளாக இருப்பான்.

நான் எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவள். எனக்கு இரண்டு ஊரும் ஒரே புழுதியாகத்தான் தெரிந்தன. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லித் தொலைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

யுத்த காலத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்த சமயம். பிரசவ வலியில் இரண்டு நாள் கிடந்தேன். இனி பிழைக்க மாட்டேன் என்று மருத்துவச்சியே கையைப் பிசைந்தாளாம். இவர் எங்கள் ஊர் முனியப்பன் கோயிலுக்கு ஓடி, "ரெண்டு உசுரையும் குடுத்துரு, உனக்கு ஒரு குதிரை நிறுத்தறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்தார். பெண் குழந்தை பிறந்தது. நானும் பிழைத்தேன். ஒன்பதாம் மாதம் மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்தோம். பிள்ளையின் முடி இறங்குவதற்கு முன்னால் மண் குதிரை கோயிலில் நிற்க வேண்டும். அது முறை.

குதிரைக்குச் சொல்லக் குயவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில், "எந்தப் புதுப்பாளையமுங்க? கள்ளியா, குட்டையா?" என்றார்.

இவர் முகம் சிவந்துவிட்டது. "புதுப்பாளையம்னா ஒண்ணுதானுங்க இருக்குது."

குயவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடக்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நடந்ததில் என் பங்கும் உண்டு.

மொட்டைக்கு முதல் நாள் மாலைவரை குதிரை வரவில்லை. என் அண்ணன்தான் வந்தான், தாய்மாமன் மடி வேண்டுமே. கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்ததால் முகமெல்லாம் கரி. வந்ததும் வராததுமாக, "என்னங்க மாப்ள, குதிரையைக் கொண்டுபோய்க் குட்டைப் புதுப்பாளையத்துல நிறுத்தியிருக்கீங்க? வர்ற வழியில பாத்தேன், புத்தம் புதுக் குதிரை, மாலையெல்லாம் போட்டிருக்குதே!" என்றான்.

இவர் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார். அங்கே, அவர்கள் ஊர் முனியப்பன் கோயிலில், குதிரை கண் திறந்து நின்றது. "புதுப்பாளையத்துக் குதிரைன்னு வண்டிக்காரன் இறக்குனானுங்க. நம்ம ஊருதுதானேன்னு நேத்தே கண்ணைத் திறந்துட்டமுங்க" என்றாராம் அந்த ஊர்ப் பூசாரி. யார் நேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் புதுப்பாளையம் என்று கேட்பதற்கு அவர்களுக்கு மட்டும் வாய் வந்துவிடுமா?

மையிட்டுக் கண் திறந்த குதிரையை இடம் பெயர்க்கக் கூடாது. எங்கள் ஊரிலும் அதே சட்டம்தான். இவர் திரும்பி வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப் பிழைத்துப் பெற்ற பிள்ளை. சாமிக்குச் சொன்ன சொல்லைத் தப்பவிட்டு அது தலையில் கத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. பயம் முற்றினால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஏனுங்க, குதிரை நடக்காதுன்னா நாம நடக்கலாமுல்ல?" என்றேன்.

மறுநாள் காலை நடந்தோம். குட்டைப் புதுப்பாளையத்தில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்பது பூசாரி கர்ப்பூரம் ஏற்றியபோதுதான் எனக்கு உறைத்தது. நேர்ந்தவன் தன் ஊரைச் சாமி காது கேட்கச் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலில் நின்று வெறுமனே புதுப்பாளையம் என்றால் அது அவர்கள் ஊர். குதிரை அவர்கள் கணக்கில் போய்விடும். எங்கள் வேண்டுதல் அப்படியே நிற்கும்.

"எந்த ஊருங்க? சாமிக்குச் சொல்லுங்க" என்றார் பூசாரி.

இவர் வாயைத் திறந்தார். "புது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கூட்டத்தில் ஒரு கிழவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் வந்தார். கர்ப்பூரம் கரைந்துகொண்டிருந்தது. அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை, அப்பாவைப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்தது. இவர் அதைப் பார்த்தார்.

"கள்ளிப் புதுப்பாளையமுங்க!" என்றார், கோயிலே அதிரும்படி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இவருடைய காதுமடல்கூடச் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. பூசாரி மட்டும் வேலையில் கவனமாக, கண்ணை மூடிக்கொண்டு, "கள்ளிப் புதுப்பாளையத்தான் குடுத்த குதிரை, குட்டைப் புதுப்பாளையத்துல நிக்குது, ஏத்துக்க சாமி" என்று ஓங்கிச் சொன்னார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. இப்போது என் அண்ணன் சிரித்தான். நானும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தேன். முடி இறங்கியது, காது குத்தினார்கள். பிள்ளை போட்ட கூச்சல் இரண்டு புதுப்பாளையத்துக்கும் கேட்டிருக்கும்.

திரும்பும்போது இவர் முன்னால் நடந்தபடி, "ஊருக்குள்ள சொல்லிப்போடாத புள்ள" என்றார். நான் சொல்லவில்லை. குட்டைக்காரர்களும் சொல்லவில்லை, சொன்னால் பூசாரி சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே!

அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அந்தப் பேரை இவர் வாயால் நான் கேட்டதில்லை. இவரோடு எனக்குச் சண்டை வராத நாள் குறைவு. இந்த மனுஷனுக்கு இனிமேல் சோறு போடுவதில்லை என்று பானையை மூடிவிட்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோயிலும் சிவந்த காதும் நினைவுக்கு வரும். எழுந்து போய் இலையைப் போட்டுவிடுவேன்.