உருக்காலை அணியின் முரசுக்காரர்

லுவான் தெச்சாய். பிறப்பு 1956, சீனாவின் ஷுவாங்ஹே நகர். நகரத்து உருக்காலையின் இரண்டாம் உலையில் தொழிலாளி. 1998 ஆட்குறைப்பில் வேலை இழந்தார். இறப்பு 2019. ஆலையின் கூடைப்பந்து அணி 1958-இல் தொடங்கப்பட்டு, 1996-இல் தொழில்முறைக் கழகமாயிற்று. பணம் கொடுத்த நிறுவனங்களுக்கேற்ப அதன் பெயர் மாறிக்கொண்டே இருந்தது: முதலில் பீர், பிறகு சிமெண்டு, பிறகு சத்து மருந்து, கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ரசிகர்கள் மட்டும் எக்காலத்திலும் "உருக்காலை" என்றே கத்தினர்.

அந்தக் கூச்சலுக்குத் தாளம் தந்தவர் லுவான். ஆலையின் ஊர்வலங்களில் முழங்கிய சிவப்பு முரசு, ஆலை மூடியபின் அவரிடம் தங்கிவிட்டது. ஆட்ட நாள்களில் அதை வடக்கு மாடத்தின் முதல் வரிசையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவர் அடித்தால்தான் ஆளுக்கொரு பக்கம் கிளம்பும் சத்தம் ஒரே முழக்கமாகும்.

2010-11 பருவத்தில் அணி வரிசையாக எட்டு ஆட்டங்களில் தோற்றது. பட்டியலில் கடைசிக்குப் போனால், உரிமையாளரான கட்டுமான முதலாளி அதைத் தெற்கே ஒரு துறைமுக நகருக்குக் கொண்டுபோய்விடுவார் என்று பேச்சு அடிபட்டது. உலைகள் அணைந்த ஊரில் எஞ்சியிருந்தது அந்த அணி ஒன்றே. அது போய்விடக் கூடாது என்பதைத் தவிர லுவானுக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு நினைப்பு இல்லை.

பயிற்சியாளர் குங் யூலின், அதே உலையில் வேலை செய்து, ஆலை அணியில் ஆடி, அதன்பின் பயிற்சியாளரானவர். இளமையில் விடுதி அறையில் லுவானின் பக்கத்துக் கட்டில்காரர்.

2011 சனவரி 9, ஞாயிறு. ஒன்பதாவது ஆட்டத்திலும் அணி இடைவேளைக்குள் இருபது புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியது. மாடத்தில் ஆங்காங்கே "வகுப்பு முடிஞ்சுது!" என்ற குரல் எழுந்தது. பயிற்சியாளரை வெளியேறச் சொல்லும் முழக்கம் அது. முரசு சேராதவரை அது வெறும் முணுமுணுப்புதான்.

"லுவான் அண்ணே, கை மரத்துப்போச்சா? அடிங்க!" என்றார் பின்வரிசைக்காரர்.

"அவன் என் ரூம்காரன்யா."

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போடுங்க. டீமை விடச் சொல்லுங்க! இன்னும் ரெண்டு தோத்தா தெக்க போயிரும், அப்புறம் இந்த முரசுல துணி காயப்போட வேண்டியதுதான்."

மாடமே சிரித்தது. லுவான் குச்சிகளை எடுத்தார். முதல் அடியிலேயே அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. குங் ஆட்டக்காரர்களைப் பார்த்தபடியே நின்றார். மாடத்தின் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள், ரசிகர்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்துப் பயிற்சியாளர் விடுவிக்கப்படுவதாகக் கழகம் அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் இன்னோர் அறிவிப்பு வந்தது: அடுத்த பருவம் முதல் அணி தெற்கே ஆடும்.

பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த சீனப் புத்தாண்டுக்கு முன் ஊரே உடம்பு தேய்த்துக்கொள்ளப் போகும் பொதுக் குளியலறையில், நீராவிக்கு நடுவே இருவரும் சந்தித்தனர்.

"நாலு மாசமா தெக்க வரேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னான் முதலாளி," என்றார் குங். "முடியாதுன்னுட்டேன். பசங்களும், கோச் வந்தாத்தான் நாங்க வருவோம்னு நின்னுட்டானுங்க. என்னைத் தூக்கினா ஊர் கல்லெறியும்னு பயந்துட்டிருந்தான். அன்னிக்கு ஊரே என்னைத் தூக்கச் சொல்லிக் கேட்டுச்சு. அப்புறம் பசங்கள ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிட்டான்."

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்டயா? முரசு அடிச்சு ஊருக்கே சொல்லியிருப்ப. வெளிய தெரிஞ்சா பசங்க சம்பளத்துல கை வச்சிருவான்டா."

லுவான் கையிலிருந்த துண்டைப் பிழிந்தார்.

"சரி, திரும்பு. முதுகு தேச்சு விடறேன்," என்றார் குங்.

2011 மார்ச் 2, ஷுவாங்ஹேயில் அணியின் கடைசி ஆட்டம். ஊர் கோபத்தில் அரங்கத்தைப் புறக்கணித்தது. லுவான் முரசைத் தூக்கிக்கொண்டு போய் வழக்கமான இடத்தில் நின்று, முதல் நிமிடத்திலிருந்து "உருக்காலை"க்கான தாளத்தை அடித்தார். கூடச் சேர்ந்து கத்த ஒருவரும் இல்லை. மூன்றாம் கட்டத்தில் நடுவர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இறுதி மணி ஒலிக்கும் வரை அவர் நிறுத்தவில்லை. அதன் பிறகு அந்த முரசை அவர் தொடவில்லை.

அரங்கின் இருக்கைகள் 4,200. அன்று விற்ற நுழைவுச்சீட்டுகள் 163.