பிணைக் கையெழுத்து

யதுர்ஷிகாவின் சம்பளம் மூன்றரை லட்சம் என்பது எங்கள் கிளிநொச்சியில் தெரியாத ஆள் இல்லை. பஸ் நிலையத்தில் கச்சான் விற்கிற மனுசிக்கும் தெரியும். கொழும்பில் பெரிய நிதிக் கம்பனியொன்றில் சட்டத்தரணி, குளிரூட்டிய அறை, கழுத்தில் அடையாள அட்டை. அந்தச் சம்பளம் கைக்கு வந்த அன்றே எங்கே போய்விடுகிறது என்பதை மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

எனக்குத் தெரியும். பட்டத்துக்குப் பிறகு கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரே அறையில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள் நானும் அவளும். நான் நிரோஜா, மல்லாவிக் கடைக்காரரின் மகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசாங்கச் செலவில் சட்டம் படித்து, இப்போது கிளிநொச்சி நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறேன். கட்சிக்காரர் காசு தந்தால் வாங்குவேன், முருங்கைக்காய் தந்தாலும் வாங்குவேன். கடன் என்று ஒன்று எனக்கு இல்லை.

அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உயர்தரப் பரீட்சையில் நன்றாகத்தான் செய்தாள். ஆனால் சட்டத்துக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. கலைப்பீடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், படித்தால் சட்டம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியென்றால் கொழும்பில் தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம் படிக்க வேண்டும். அதற்கு ஆகும் காசு, அவளுடைய அப்பா தன் வாழ்நாள் முழுக்க வாங்கிய கூலியைவிடக் கூட.

அப்பா ஆண்டியப்பன் வயலில் கூலி வேலை செய்கிறவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு லொறிகளில் வன்னிக்கு வந்திறங்கிய சனத்தோடு, காற்சட்டை வயதில் வந்தவர். இரணைமடு வாய்க்கால் பக்கம் வயல் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று, வேலைக்கு ஆள் தேவையென்று, வயலுக்கு மேலே கிடந்த பற்றைக் காணியில் எட்டுக் குடும்பங்களை இருக்கவிட்டது. பற்றையை வெட்டியதும் கிணறு தோண்டியதும் தென்னை நட்டதும் இந்தச் சனம்தான். காணி உறுதிப்பத்திரம் மட்டும் காணிக்காரர் வீட்டு அலுமாரியில் இருந்தது. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோதும் அதே இடத்தில்தான் தகரம் அடித்தார்கள். பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. காணிக்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அடுத்த ஒழுங்கையெல்லாம் கல்வீடாக எழும்ப, இந்த ஒழுங்கை தகரமாகவே இருந்தது. வீடு எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு, அதற்கு ஒருவரும் சரியான பதில் சொல்லாத நாளில்தான், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த யதுர்ஷிகா லோயராக வரவேண்டுமென்று முடிவெடுத்தாள்.

வங்கி கடன் தரச் சம்மதித்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். ஆண்டியப்பனுக்கு அரசாங்க உத்தியோகத்தில் யார் இருக்கிறார்கள்? அவருடைய சொந்தத்தில் அரசாங்கத்தோடு தொடர்பு என்றால் நிவாரணம் வாங்கியதுதான். கடைசியில் அதே காணிக்காரர் வீட்டு மகள் சிவலட்சுமி டீச்சர்தான் வந்தா. தானும் கையெழுத்து வைத்து, தன்னுடைய பள்ளிக்கூடத்தில் இன்னொரு ஆசிரியரையும் பிடித்து வைப்பித்தா. ஊரில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை என்பதை நான் மறைக்கக்கூடாது. டீச்சர் நல்லவ. யதுர்ஷிகா என்ற பெயரைக்கூட அவதான் வைத்தா. மாரியாயி என்று வைக்க இருந்தார்களாம், நாளைக்குப் பிள்ளை வெட்கப்படும் என்று தடுத்துவிட்டா.

அந்தக் கையெழுத்தின் எடை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. தவணை பிந்தினால் வங்கியிலிருந்து டீச்சருக்குப் போன் கோல் வரும். டீச்சர் ஆண்டியப்பனைக் கூப்பிட்டு, பிள்ளை மறந்துவிட்டாள் போல என்று தன்மையாகச் சொல்லுவா. தன்மையாகச் சொல்வதுதான் அவரைக் கொல்லும். அவர் அந்த வீட்டு முற்றத்தில் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு ஒரு கிழமை டீச்சர் வீட்டு வயல் வரம்புக்கெல்லாம் கூலி வாங்காமல் மண் அணைப்பார். யாரும் கேட்டு அவர் செய்வதில்லை.

நாடு வங்குரோத்தான வருசம், அவள் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து அந்தக் கம்பனியில் சேர்ந்த வருசமும் அதுதான், வங்கி வட்டியைத் தூக்கியது. தவணை ஏறக்குறைய இரட்டிப்பானது. சம்பளம் ஏற ஏற அதை வட்டி விழுங்கியது. அவள் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு, வாகனக் குத்தகைத் தவணை கட்டாத ஓட்டோக்காரருக்கும் உழவு மெசின்காரருக்கும் கம்பனி சார்பில் கடிதம் எழுதினாள். வடக்குப் பக்கக் கோப்புகள் முழுக்க அவளிடம்தான். தமிழ் தெரியுமென்றுதானே அந்தச் சம்பளம். அந்தக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அடியில் அவளுடைய கையெழுத்தைப் பார்க்கும்போது எனக்கு அவள் மீது கோபம் வரும், பிறகு அந்தக் கோபத்தை யார் மீது வைப்பது என்று தெரியாமல் போகும்.

இரண்டு வருசத்துக்கு முன் டீச்சரின் தம்பி பரமலிங்கம் கனடாவிலிருந்து வந்தார். காணி விலை ஏறிவிட்டது. அளவையாளரைக் கொண்டுவந்து, ஒழுங்கைச் சனத்தின் கோழிக்கூட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவில் கட்டைகள் அடித்தார். எழும்பச் சொல்லவில்லை, விற்க யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் யதுர்ஷிகாவுக்கு உடனே கோல் எடுத்தேன். ஒரு காணியில் பத்து வருசத்துக்கு மேல், வாடகை கொடுக்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல், தன்னுடையதைப் போல இருந்தவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. யுத்த காலத்தைக் கழித்தாலும் இவர்களுக்குப் பத்து வருசம் தாராளமாகத் தேறும். ஆரம்பத்தில் இருக்கவிட்டது வாய்ப்பேச்சில்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. வெல்லும் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் பேசக்கூடிய வழக்கு. நான் போடுகிறேன் என்றேன்.

"கொஞ்சம் பொறு நிரோ," என்றாள். "எனக்குப் பிணை நிக்கிற மனுசிக்கு எதிரா என்ர அப்பாவைக் கூண்டில ஏத்திறதோ? வேலையை விட்டுட்டு வந்து நிண்டால் வங்கி அவவின்ர சம்பளத்திலதான் கை வைக்கும். முதல் கடனை முடிக்கிறன். பிறகு நானே வந்து போடுறன். அதுவரைக்கும் எங்கட சனம் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காமல் இருந்தால் காணும்."

அதையே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவுக்குச் சொன்னாள். காணிக்காரரின் அனுமதியோடுதான் இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் வழக்கு செத்துப்போகும் என்று விளங்கப்படுத்தினாள். அவரும் சரி சரி என்றார்.

பிறகு அவள் கடனை அடைத்து முடித்த விதத்தைப் பார்த்தால் கண்ணீர் வரும். தனியறையை விட்டு, நான்கு பெண்கள் இருந்த அறைக்கு மாறினாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. தலைக்கனம் பிடித்துவிட்டது என்று ஒழுங்கை பேசியது. கேட்ட கைமாற்றெல்லாம் இல்லை என்றாள். மூன்றரை லட்சம் எடுக்கிறவளிடம் பத்தாயிரம் இல்லையாம் என்று அதற்கும் பேசினார்கள்.

போன வருசம் ஆவணியில் கடைசித் தவணையையும் கட்டி முடித்தாள். ராஜினாமாவுக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டு ரயிலில் வந்தாள். நான் ஸ்கூட்டியோடு ஸ்டேசனுக்குப் போனேன். மெலிந்து கறுத்துப்போயிருந்தாள், ஆனால் சிரித்தாள். பையில் டீச்சருக்கு ஒரு பட்டுச்சேலையும், பிணையிலிருந்து விடுவித்த வங்கிக் கடிதமும் இருந்தன. வீட்டுக்குப் போகமுதல் டீச்சர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். கையெழுத்து வைத்தவரிடம்தான் முதலில் போகவேண்டும், அதுதான் முறை. நன்றி சொல்லிக் கணக்கை முடித்துவிட்டு, அடுத்த கிழமை அதே வீட்டுக்கு எதிராக வழக்குப் போடுவது. அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நேராகச் செய்கிறேன், ஒளித்துச் செய்யவில்லை என்றாள்.

டீச்சர் எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி போட்டுத் தந்தா. ஆண்டியப்பன் அந்தக் கதிரையில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சேலையைத் தடவிப் பார்த்தா, கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தா. இனி ஓய்வூதியத்தைப் பற்றிப் பயமில்லை என்று மனம் விட்டுச் சிரித்தா. பிறகு சாதாரணமாகச் சொன்னா:

"அப்பாவும் தங்கமான மனுசன், பிள்ளை. போன மாசம் தம்பி அனுப்பின கடுதாசியைக் கொண்டுபோனன். ஒரு கதை பேசேல்லை, கையெழுத்து வைச்சுத் தந்திட்டார். அவரைப் பாத்து மற்ற ஏழு வீடும் வைச்சிட்டுதுகள்."

என்ன கடிதம் என்று யதுர்ஷிகா கேட்டாள். காணிக்காரர் அனுமதியோடுதான் இருக்கிறோம், கேட்டால் எழும்புவோம் என்று சும்மா ஓர் ஒழுங்குக்கு எழுதினது, சாமான் ஏற்றவும் தம்பி ஏதோ காசு தருவான் என்றா. யதுர்ஷிகா கோப்பையைக் கீழே வைத்தாள். "வாறன் டீச்சர்" என்றாள். அந்த வீட்டில் அவள் பேசிய கடைசி வார்த்தை அது.

ஆண்டியப்பன் கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். எங்களோடு எங்கள் பேச்சுப் பேசுகிறவள், அப்பாவைக் கண்டால் அவருடைய மலைநாட்டுப் பேச்சுக்கு மாறிவிடுவாள். ஏன் வச்சீங்க என்று மட்டும் கேட்டாள்.

அவர் மண்வெட்டியைத் தென்னையில் சாய்த்தார்.

"அந்தம்மா ஒனக்காக வச்சாங்க புள்ள. தானும் வச்சி, இன்னொரு வாத்தியாரையும் வைக்க வச்சாங்க. ஒரு நாளும் என்ன ஏதுன்னு கேட்டதில்ல. அவுங்க நம்ம வாசல்ல வந்து நிக்கிறப்ப, என் மக வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கான்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அதற்குள் பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா வந்துவிட்டா. புருசனை முள்ளிவாய்க்காலில் இழந்துவிட்டு, மூன்று பிள்ளைகளை அந்தத் தகரத்துக்குள் வளர்த்தவ. எப்போது எழும்பவேண்டுமாம் என்று கேட்டா. யதுர்ஷிகா அவவையும் அதே கேள்வி கேட்டாள்.

"லோயரோட அப்பாவே வச்சிட்டாரே," என்றா இராசேஸ்வரி அக்கா. "நீ சொல்லாம வப்பாரா? நீ பாத்துக்குவேன்னுதான் நாங்களும் வச்சோம்."

யதுர்ஷிகா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் சும்மா விடவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத சனத்திடம் விளங்கப்படுத்தாமல் வாங்கிய கையெழுத்து, ஏமாற்றி வாங்கியது என்று போடலாம் என்றேன். அதற்கு ஆண்டியப்பன் மன்றில் ஏறி, டீச்சர் என்னை ஏமாற்றினா என்று சொல்லவேண்டும். அந்தம்மா ஏமாத்தல, தெரிஞ்சுதான் வச்சேன் என்றார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முற்றத்திலேயே அவரை இரண்டு பேச்சுப் பேசிவிட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நின்று கேட்பது அவருக்குப் பழக்கம்.

ஏழு குடும்பங்கள் மாரிக்கு முன் எழும்பிப் போயின. இராசேஸ்வரி அக்கா தண்ணீரூற்று ஊரில் ஒரு தோட்டக்காரரின் காணி மூலையில், மறுபடியும் ஒருவரின் அனுமதியோடு, குடியேறினா. போகும்போது யதுர்ஷிகாவோடு பேசவில்லை. சாபம் போட்டிருந்தாலும் அவள் கேட்டிருப்பாள்.

ஆண்டியப்பன் மட்டும் எழும்பவில்லை. அதற்குக் காரணம் சட்டம் இல்லை, அவருடைய மகளின் சம்பளம். அவள் ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அப்பா தோண்டிய கிணறும் அப்பா நட்ட தென்னையும் அடங்கிய இரண்டு பரப்புக் காணியைப் பரமலிங்கத்திடம் சந்தை விலைக்கு வாங்கினாள். அந்த விலைக்குக் கையில் காசு ஏது? மறுபடியும் வங்கி, மறுபடியும் இரண்டு அரசாங்க உத்தியோகத்தர். அவள் யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் தானாகக் கோல் எடுத்தா.

"ஆரையும் தேடி அலையாதை பிள்ளை. எனக்குச் சேவை இன்னும் கிடக்குத்தானே. நான் வைச்சுத் தாறன்."

அந்தக் கோலை அவள் எனக்கு முன்னால்தான் எடுத்தாள். போனைக் காதில் வைத்தபடியே மேசையில் கிடந்த வங்கிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு "ஓம் டீச்சர்" என்றாள்.

உறுதியை நான்தான் எழுதினேன். அதற்கு அவளிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. கையொப்பமெல்லாம் முடிந்த பின்னேரம், ஆண்டியப்பன் முதல்முறையாகத் தன்னுடையதாகிய காணியில், தன்னுடைய தென்னையில் ஏறி, ஒரு குலை இளநீர் இறக்கினார். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். நான் அந்தப் பக்கமாக ஸ்கூட்டியில் வந்தபோது கண்டேன். குலையை முற்றத்தில் வைத்துவிட்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.