தக்காளி வலையில் ஒரு சாரை

தெருமுனை சலூனில் அவருக்கு ஆமை என்று பெயர். மற்றவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கும் தலைக்கு இவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். "ஆமைகிட்ட உட்கார்ந்தா, எந்திரிக்கறதுக்குள்ள வெட்டின முடி திரும்ப வளர்ந்துடும்" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். இவர் சிரித்துவிட்டு, வெட்டிய இடத்தையே மறுபடி பார்ப்பார்.

அந்தப் பொறுமை கடையோடு சரி. வீட்டுக்குப் பின்னால் ஏழு தக்காளிச் செடிகள் வைத்திருந்தார். அங்கே வந்துவிட்டால் ஆளே வேறு. கொண்டைக்குருவிகள் பழுக்கிற பழத்தைப் பார்த்துப் பார்த்துக் கொத்தின. அணில் ஒவ்வொரு பழத்திலும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. "ஒண்ணை முழுசா தின்னுட்டுப் போயேன்! எல்லாத்துலயும் ருசி பார்க்கணுமா உனக்கு?" என்று கத்துவார். பழைய சிடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டார். குருவிகள் இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அந்தக் கயிற்றிலேயே உட்கார்ந்தன. முடியைப் போட்டால் எலி வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் கூட்டியதை மூட்டை கட்டி வந்து செடிகளைச் சுற்றிப் பரப்பினார்.

"ஊர்ல உள்ளவங்க தலையெல்லாம் நம்ம வீட்லதான் கிடக்கு" என்றாள் மனைவி. எலி அந்த முடியின்மேல் நடந்து வந்தே கீழ்க்கொத்துகளைக் கடித்தது.

கடைசியில்தான் நைலான் வலை வாங்கிச் செடிகளின்மேல் போர்த்தினார். தேவைக்கு மேல் நீளம். மிச்சம் தரையில் சுருண்டு குவிந்து கிடந்தது.

"அதை இழுத்துக் கட்டுங்க. எதாவது மாட்டிக்கும்" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கட்டறேன்."

மூன்று வாரம் போயிற்று. கடை விடுமுறை நாளன்று காலையில், தண்ணீர் ஊற்றப் போன மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, இங்க வாங்க. ஓடி வராதீங்க. மெதுவா வாங்க."

வலைக் குவியலில் ஒரு பாம்பு மாட்டியிருந்தது. ஆள் நீளம், மணிக்கட்டுப் பருமன். தலையை நுழைத்து முன்னே போயிருக்கிறது, உடம்பு நடுவில் சிக்கிக்கொண்டது. திரும்ப வரப் பார்த்து இன்னும் நாலு கண்ணிக்குள் போய்விட்டது. கழுத்தில் ஒரு இழை சதைக்குள் இறங்கியிருந்தது.

டிவியில் பாம்பு வந்தாலே சேனலை மாற்றுகிறவர் அவர்.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் தலை தெரிந்தது. "நகராதீங்க, கம்பு எடுத்துட்டு வரேன். ஒரே அடி" என்றவர், சொன்னபடியே ஒரு நிமிடத்தில் கம்போடு வந்து நின்றார்.

"வேணாம்ணே. எலிக்கு வந்திருக்கு. என் வலையில மாட்டியிருக்கு."

"அதுக்காக மாலை போட்டு அனுப்பப் போறியா?"

பாம்பு பிடிக்கிற தம்பி ஒருவனுக்கு அவர்தான் கடையில் முடி வெட்டுவார், அவன் எண் இருந்தது. படம் அனுப்பிவிட்டுப் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சாரைதான் அண்ணே, விஷம் கிடையாது. கடிச்சா ரத்தம் வரும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நான் வெளியூர்ல இருக்கேன், வர ரெண்டு மணி நேரம் ஆகும். வெயில் ஏறிட்டிருக்கு, அதுவரைக்கும் தாங்காது. நீங்கதான் வெட்டி விடணும்."

"நானா? விளையாடறியா?"

"என் காதோரத்துல எத்தனை வருஷமா கத்தரி வைக்கறீங்க, ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கா? ஈரத்துணியால தலையை மூடுங்க, அடங்கிடும். கழுத்து இழையைக் கடைசியா வெட்டுங்க."

அவர் உள்ளே போய்க் கடைப் பையிலிருந்து சின்னக் கத்தரியையும், மெல்லிய நீண்ட வால் உள்ள சீப்பையும் எடுத்து வந்தார். மனைவி துண்டை நனைத்துப் பாம்பின் தலையில் போட்டு, துடைப்பக் கட்டையால் அதை லேசாக அமுக்கிப் பிடித்தாள்.

அவர் மண்டியிட்டார். சீப்பின் வாலை இழைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, மெல்லத் தூக்கி, கத்தரி நுனியால் வெட்டினார். ஒன்று. உடம்பு துள்ளியது, அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார்.

"நான் சொன்னேன்ல!" என்றார் டிரைவர் அண்ணன், மூன்றடி பின்னாலிருந்து.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கண்ணே" என்றாள் மனைவி.

மறுபடி குனிந்தார். இரண்டு. மூன்று. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகத் தூக்கினார், அவசரப்பட்டால் சீப்பு செதிலைக் கீறும். பதினேழாவது இழை அறுந்தபோது உடம்பு முழுக்க விடுபட்டது. கழுத்து மட்டும் பாக்கி.

துண்டின் ஓரத்தைச் சற்று ஒதுக்கினார். இழை புதைந்த இடம் வீங்கியிருந்தது. சீப்பு உள்ளே போகவில்லை. சாய்த்து, படுக்க வைத்து, மயிரிழை அளவு நகர்த்தினார். விடுபட்ட வால் வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அவர் நகரவில்லை. சீப்பின் நுனி அடியில் போனது. வெட்டினார்.

"கட்டையை எடு. பின்னால போ."

அவள் துண்டோடு விலகினாள். பாம்பு அப்படியே கிடந்தது. அவர் தன் காலில் கிடந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டும்போது கத்தரி ஆழமாகப் போய்விட்டதோ? மூன்று வாரம் முன்பே அந்த மிச்ச வலையை இழுத்துக் கட்டியிருந்தால் பத்து நிமிட வேலை.

நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. வால் இறுகி, தளர்ந்தது. பிறகு மொத்த நீளமும் செடிகளுக்கு நடுவே ஓடி, நேராக டிரைவர் அண்ணன் பக்கம் போனது. அவர் கம்பைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறிவிட்டார். பாம்பு அவரைக் கண்டுகொள்ளாமல் மதில் ஓட்டை வழியாக மறைந்தது.

"வழிவிட்டேன், அவ்வளவுதான்" என்றார் அவர், கல்லிலிருந்து இறங்காமல்.

ஆமை எழுந்து, செடிகள்மேல் போர்த்தியதையும் சேர்த்து வலையை முழுக்கச் சுருட்டினார். அதற்குள் குருவிகள் மதிலில் வரிசையாக வந்துவிட்டன.

"இனிமே முழுசாப் பழுக்க விடக் கூடாது" என்றாள் மனைவி. "லேசா நிறம் மாறினதுமே பறிச்சிடலாம். சமையலறையில கிடந்து பழுக்கட்டும்."

இருவரும் வாளியை நடுவில் வைத்துப் பறித்தார்கள். நாலாவது செடியின் அடியில், பாம்பு கிடந்த இடத்துக்கு மேலே, ஒரு கொத்து நன்றாகச் சிவந்து தொங்கியது. அதற்கு மட்டும் இருவருமே கை நீட்டவில்லை.

"நீங்கதான் பாம்பையே தொட்டீங்களே, பறிங்களேன்" என்றாள்.

"நாளைக்குப் பறிக்கறேன்" என்றார் அவர். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டார்.