மதிவதனி மாட்டாத கேபிள்

மதிவதனியிடம் கொடுத்த வேலை சீக்கிரம் முடியாது. கீழ்வேளூர் பக்கம் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கேமராவோ கம்ப்யூட்டரோ, எதை இணைக்க வந்தாலும் கசிகிற கரண்ட் மண்ணில் இறங்க எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். கூலிக்கு அறுப்பறுத்த வீரையனின் மகள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் நெட்வொர்க் வேலை செய்கிறாள். சரியான பிடிவாதக்காரி.

எங்கள் ரைஸ் மில்லுக்கும் வந்தாள். எடைமேடைப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து என் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் ரசியா பேகம், அங்கே பில் போடுகிறவள். நெல் கிடக்கும் இடத்தில் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. ஆபீஸின் ஈரத் தரையிலும் வெறுங்கால்தான். வாசலில் நெல் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாட்டிட்டுப் போம்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

“டெஸ்டர் வச்சுப் பாத்தேன், அந்தப் பெட்டியில கரண்ட் கசியுதுக்கா. இதை மாட்டுனா கேபிள் வழியா உங்க மேசைக்கு வந்துரும்.”

எடைமேடையில் நிற்பவருக்குக் காலடியில் மரப்பலகை உண்டு. அதனால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி ராஜராஜன் சிரித்தார். “போர் பைப்புல எர்த் கட்டியிருக்கும்மா. ஒண்ணும் ஆகாது, பாரு” என்று பலகைக்கு வெளியே ஈர மண்ணில் நின்றபடியே பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முதலாளியின் கையை! அவள் அசரவில்லை. ஈர மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி, அதற்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை வைத்தாள். பல்பு எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டு எர்த் ஒயர் போன வழியே போனோம். கொல்லையில் போர் பைப்பில்தான் கட்டியிருந்தது, நல்ல இறுக்கமாக. ஆனால் அது பிளாஸ்டிக் பைப். இரும்புப் பைப்பை உப்புத் தண்ணீர் அரித்துவிட்டதால் போன கோடையில் மாற்றியது. மாற்றியவர்கள் பழைய ஒயரை மறக்காமல் இதிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

ராஜராஜன் என் வெறுங்கால்களையே பார்த்தார். “என்ன செய்யணும்னு சொல்லும்மா” என்றார்.

“கசியுற எடத்தைச் சரி பண்ணணும் சார். புதுசா எர்த் குழி எடுக்கணும். அதுவரைக்கும் கேபிள மாட்ட மாட்டேன்.”

டிராக்டர்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவள் கடப்பாரையை வாங்கித் தோண்ட ஆரம்பித்தாள். “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா” என்றாள்.

எப்படிப் போவேன்? சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டேன். என் பேச்சைக் கேட்டு அவள் கேபிளை மாட்டியிருந்தால், எனக்கு வேறு குழியல்லவா தோண்டியிருப்பார்கள்.