சுவருக்கு மேலே செருகிய சாக்கு

போன வருடம் என் மகள் அனிட்டா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, இனிப் போக மாட்டேன் என்றாள். பதினோராம் தரம். அரசாங்கம் வைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. மாதிரிப் பரீட்சையில் சமயப் பாடம்கூடப் பெயில். எங்கள் வீட்டில் பரம்பரையாக வேதக்காரர்கள், கத்தோலிக்கர். எங்கள் பிள்ளை சமயத்தில் பெயில்.

"கொழும்புல வீட்டு வேலைக்கு ஆள் கேக்குறாங்களாம். போறேன்" என்றாள்.

வெளியே போய் நின்றேன். நான் அதிகம் பேசாதவன். படிப்பும் நாலாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்லப் பக்கம். பெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. நாங்கள் இருப்பது லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னக் காம்பராக்கள்; பக்கத்துக் காம்பராவில் முருகையா. அவரும் அதே அடுப்பில்தான். அவர் மகள் தர்ஷினியும் அனிட்டாவும் ஒரே வகுப்பு. சிஸ்டர்மார் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம். அங்கே சைவ சமயம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. அதனால் தர்ஷினியும் எங்கள் சமயத்தையே பாடமாக எடுத்தாள்.

அனிட்டா பையை மாட்டுவதற்குச் சில மாதம் முன், பள்ளிக்கூடத் திருநாள் அன்று பரிசு கொடுத்தார்கள். கத்தோலிக்க சமயத்தில் முதலாவது தர்ஷினி. பரிசு ஒரு மாதா சுரூபம். நல்ல நீல முக்காடு போட்ட மாதா. அதை முருகையா இரண்டு கையாலும் வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். வீட்டில் பிள்ளையாருக்கும் மாரியம்மாவுக்கும் நடுவில் வைத்துப் பூப்போட்டார்கள். மாதா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அங்கே போனது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பெக்டரியில் முருகையா எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"என்ன சூசண்ணே, ஒங்க சாமி எங்க பிள்ளைக்குத்தான் மார்க் போடுது போல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனதில் ஒன்றும் இல்லை. வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க அடுப்பு வெளியே எரியவில்லை, உள்ளே எரிந்தது.

வீட்டுக்கு வந்து அனிட்டாவிடம் சொன்னேன்: "இனி அந்த வீட்டு வாசல்ல ஒன்னயப் பாத்தா கால ஒடிச்சிப்புடுவேன்."

அவள் அழவில்லை. சரிப்பா என்றாள்.

அந்த வாரமே அடுத்தது தொடங்கியது. லயத்துச் சுவர் கூரைவரை போகாது என்பது லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அங்கே இருமினால் இங்கே கேட்கும். ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில் தர்ஷினி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். சரித்திரம், விஞ்ஞானம், பிறகு நம்முடைய சமயம். திருவருட்சாதனங்கள் ஏழையும் அவள் வரிசையாகச் சொல்வாள். எனக்கு வரிசை தெரியாது. என் சாமியை எனக்கே சுவருக்கு மேலால் படிப்பிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்துகிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் பத்துக் கட்டளை சொன்னாள். ஒன்பது முடிந்தது. நான் எழும்பி, மேசையில் ஏறி, இரண்டு உரச்சாக்கை மடித்து அந்த இடைவெளியில் அடைத்தேன். ஒரு ஓட்டை விடவில்லை. பத்தாவது கட்டளை எனக்குக் கேட்கவில்லை. பிறருடையதைப் பார்த்து ஆசைப்படாதே என்பது அது. உங்களுக்குத் தெரியும்.

என் மனைவி கீழே நின்று பார்த்தாள். "காத்து வராதுங்க" என்றாள்.

பிறகு நான் ஜெபித்ததையும் சொல்ல வேண்டும். முழங்காலில் நின்று, ஆண்டவரே அந்தப் பிள்ளைக்கு மறதியைக் கொடும் என்று கேட்டேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

தர்ஷினிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பிள்ளைதான் படிப்பில் கீழே போனாள்.

அவள் பையை ஆணியில் மாட்டிய அன்றுதான் என் ஜெபம் மாறியது. மூன்று வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்கு நடந்தேன். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என் பிள்ளை ஏன் விழுறா? எனக்குக் காட்டும்" என்று மட்டும் கேட்டேன். இரண்டு வெள்ளி ஒன்றும் இல்லை. மூன்றாவது வெள்ளி கோயில் படியில் இறங்கும்போது அனிட்டாவின் வகுப்பு சிஸ்டர் எதிரே வந்தார்.

"சூசை, ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். அனிட்டாவுக்கு எழுத்து வாசிச்சா ஏறாது. சின்னதுலருந்தே அப்படித்தான். யாராச்சும் வாசிச்சுக் காட்டுனா அப்படியே ஒப்புவிப்பா. வீட்டுல யாரோ வாசிச்சுக் குடுத்தாங்களே, அத ஏன் நிப்பாட்டுனீங்க?"

"வீட்டுல யாரும் வாசிக்கிறது இல்லீங்க சிஸ்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அனிட்டாவிடம் கேட்டேன். ஒனக்கு யாரு வாசிச்சது?

அவள் தலையைத் தூக்கிச் சாக்கைப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தெரியும். ஒங்க மூஞ்சியப் பாத்து யாரு கிட்ட வந்து சொல்றது?"

வாசலுக்குப் போகாதே என்றேன். பிள்ளைகள் வாசலுக்குப் போகவில்லை. சுவருக்கு மேலால் படித்தார்கள். அதையும் நான் அடைத்தேன். நான் கேட்டதை ஆண்டவர் காட்டிவிட்டார்.

அப்படியே எழும்பிப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். முருகையா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. என்ன, வழி மாறி வந்துட்டீங்களா?"

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "சாக்க எடுக்கப் போறேன். பிள்ளைய வாசிக்கச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தர்ஷினி உள்ளே இருந்து வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. "நான் நிப்பாட்டவே இல்ல மாமா. சாக்குக்கு அந்தப் பக்கம் கேக்கட்டும்னு இன்னும் சத்தமா வாசிச்சேன். மழச் சத்தத்துல கேக்கலயாம்."

அந்தப் பிள்ளைக்குத்தான் நான் மறதி கேட்டேன்.

முருகையா என் முகத்தைப் பார்த்தார். "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மாதாவுக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தேன். புதுப் பூப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் படத்துக்கு நான் பூப்போட்டு எத்தனை நாள் என்று யோசித்தேன்.

பிறகு மேசையில் ஏறி இரண்டு சாக்கையும் இழுத்துப் போட்டேன். குளிர் அடித்தது. கூடவே சத்தமும் வந்தது. அனிட்டா சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். திங்கட்கிழமை பையை ஆணியில் இருந்து எடுத்தாள்.

தவக்காலத்தில் பரீட்சை வந்தது. காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் நெற்றியில் நான் சிலுவை போட்டேன். முருகையா இரண்டு பேருக்கும் திருநீறு பூசினார். றிசல்ட் வந்தது. அனிட்டா பாஸ். சமயத்துக்கு சி. கணக்குக்கு எஸ், அதுவும் பாஸ்தான். தர்ஷினிக்குச் சமயத்தில் ஏ.

ஏ என்று கேட்டவுடன் உள்ளே ஒரு குத்துக் குத்தியது. பொய் சொல்ல மாட்டேன். முருகையாவும் விடவில்லை.

"பாருங்கண்ணே, இந்தத் தடவ ஒங்க சாமி ரெண்டு பிள்ளைக்கும் மார்க் போட்டுருச்சு!"

இந்த முறை நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

இப்போது இரண்டு பேரும் உயர்தரம் படிக்கிறார்கள். மாதா இன்னும் அவர்கள் வீட்டில்தான். என் பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வந்துகொண்டுதான் இருக்கிறது. வரும்போது மேலே அந்த இடைவெளியைப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் ஜெபத்துக்குப் பதில் இல்லை என்று இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆண்டவர் கேட்கிறார். எனக்கு வரவேண்டிய உதவி பக்கத்துக் காம்பராவில் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தது. நான்தான் அடைத்து வைத்திருந்தேன். நீங்கள் எதையாவது அடைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அந்த இரண்டு சாக்கையும் நான் எறியவில்லை. சிமெந்துத் தரை குளிரும். மடித்துப் போட்டு அதன் மேல்தான் முழங்காலில் நிற்கிறேன். ஜெபத்தில் முதல் பெயர் தர்ஷினி. அதைச் சொல்லி முடித்தால்தான் என் மகளின் பெயர் வாயில் வருகிறது.

ஆண்டவருக்கு நன்றி.

சூசை