பக்கத்து நாற்காலிக்காரிக்கு இரண்டு

டத்தோ கிராமாட்டில் வசிக்கும் நான், குழந்தைக்காகச் சோதனைக்குழாய் சிகிச்சை எடுத்து வருகிறேன். கிளினிக்கில் என் பக்கத்தில் உட்காரும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் தோழிக்கு இரண்டு கருக்களைக் கர்ப்பப்பையில் வைத்தார்கள்.

"ரெண்டுமே தங்கிருச்சிக்கா!" என்று ஸ்கேன் படத்தை நீட்டினாள். வாயால் வாழ்த்தினேன். வயிறு எரிந்தது.

எனக்கும் இரண்டு கருக்களை உறைய வைத்திருந்தார்கள். ஒன்று போதும் என்று முன்பே முடிவாகியிருந்தும், "ரெண்டையும் வெச்சிருங்க டாக்டர்" என்று அடம்பிடித்தேன்.

"அவங்க உடம்பு வேற, உன் உடம்பு வேறலா" என்றார் கணவர். நான் அவரை முறைத்தேன்.

டாக்டர் என் பழைய ஸ்கேனைக் காட்டினார். "கட்டி எடுத்த தழும்பு இதோ இருக்கும்மா. ரெட்டைப் புள்ளைன்னா கர்ப்பப்பை கிழிஞ்சி உங்க உயிருக்கே ஆபத்தாகலாம்."

பொறாமையில் என் ஆபரேஷனே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு கருவைத்தான் வைத்தார்கள். தங்குமா என்று இன்னும் தெரியவில்லை. தோழியின் வயிற்றைப் பார்த்தால் இன்றும் எரிகிறது. ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பொறாமையை வெளியே நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அறைக்குள் நான் மட்டும் போகிறேன்.