பங்கருக்குள் ஒரு கண்டக்டர்

சோகப் படத்தில் சிரிக்கக்கூடாது என்று யார் சொன்னாலும் இனிக் கேட்கமாட்டேன்.

லண்டன் டூட்டிங்கில் ஒரு தியேட்டர்; நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் வாழ்க்கையைப் பற்றிய படம். நிரம்பி வழியும் அறைக்குள் இன்னொரு குடும்பத்தைத் தள்ளுகிறார்கள். உள்ளேயிருந்த ஒருவர் டிராம் கண்டக்டர்போல, "தள்ளி நில்லுங்கள், இடமிருக்கிறது!" என்று கூவுகிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. மனைவி தொடையில் கிள்ளினாள்.

படம் முடிந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்: "என் அம்மா கெட்டோவில் இருந்தவர். ஏன் சிரித்தீர்கள்?"

இலங்கையில் போர்க்கால ஷெல்லடியின்போது எங்கள் பதுங்குகுழியான பங்கருக்குள் மனைவியின் அண்ணனும் மினிபஸ் கண்டக்டராகிவிடுவார் என்றேன்: "உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு!" அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

போரில் செத்துப்போன அண்ணனைப் பற்றி மனைவி வாயே திறப்பதில்லை. வீடு திரும்பும் ரயிலில் திடீரென்று சொன்னாள்: "‘ரிக்கெற் எடுக்காத ஆக்கள் இறங்குங்கோ' எண்டும் அண்ணை சொல்லுறவர்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எத்தனையோ போர்ப் படங்களுக்குச் சேர்ந்து அழுதிருக்கிறோம். ஒன்றுகூட அவள் அண்ணனைக் கூட்டிவந்ததில்லை.